முதல் முறை ராஃப்டிங்: சுங்கை சிப்புட்டிலிருந்து கோப்பெங் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊரில் சுற்றுலா என்றால் முதலில் பஸ்ஸைப் பேசுவார்கள். கோயில் இளைஞர் குழுவாக இருக்கட்டும், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கமாக இருக்கட்டும், ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து இன்று நாலா பக்கமும் சிதறிவிட்ட சொந்தபந்தங்களாக இருக்கட்டும், வரிசை மாறாது. பஸ்ஸுக்கு அடுத்தது பிரியாணிப் பொட்டலம். அதற்கடுத்தது பெயர் அச்சடித்த டி-சட்டை. போகிற இடத்தைப் பற்றிய விசாரணை கடைசியில்தான் வரும். கேமரன் மலைக்கோ பினாங்குக்கோ போவதென்றால் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆற்றில் ரப்பர் படகு விடப் போகிறவர்களுக்கு இந்த வரிசை ஆகாது. பஸ்ஸுக்குக் கட்டிய பணமும் சொல்லிவைத்த சாப்பாடும் சேர்ந்து, இறங்கக் கூடாத நாளில் ஆட்களை ஆற்றில் இறக்கிவிடும். அன்று காலையில் "வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் பெரிய நஷ்டம் வராதபடி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் ஆற்றை அறிந்துகொள்ளுங்கள்

நமக்கு அருகில் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள கோப்பெங். ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த ஊர். மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து, அந்த வேகத்தில் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். இன்று அதே மலைத் தண்ணீரின் வேகத்தைக் காட்டி ஊர் பிழைக்கிறது. ராஃப்டிங் நடப்பது கம்பார் ஆற்றில். தீத்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, கோப்பெங் பக்கத்துக் காட்டையும் மூங்கில் புதர்களையும் பாறைகளையும் கடந்து, கடைசியில் கிந்தா ஆற்றில் கலக்கிறது.

ராஃப்டிங் ஆறுகளை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் என்றால் ஓடும் தண்ணீர், சிற்றலைகள், அவ்வளவுதான். இரண்டில் ஜெராம், அதாவது பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறிப்பாயும் இடம், இருக்கும்; ஆனால் படகு போகும் வழி தெளிவாகத் தெரியும். மூன்றில் அலை ஒழுங்கில்லாமல் எழும். பாறைக்கும் பாறைக்கும் நடுவே படகைத் திருப்பத் தெரிய வேண்டும். நான்கு பழகியவர்களுக்கு, ஐந்து கைதேர்ந்தவர்களுக்கு. ஆறாம் தரம் நமக்குத் தேவையில்லாத பேச்சு. வழக்கமான நீர்மட்டத்தில் கம்பார் ஆறு ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். புதியவர்கள் வழிகாட்டியோடு போகத் தகுந்த ஆறு அது.

"வழக்கமான நீர்மட்டத்தில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். தரம் என்பது ஆற்றுக்கு நிரந்தரமாகக் கொடுத்த பட்டம் அல்ல. நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தரத்தை மறந்துவிட்டு, இன்று என்ன தரம் என்று கேளுங்கள்.

கோப்பெங் ஒத்துவராதவர்களுக்கு வேறு ஆறுகளும் உண்டு. சிலாங்கூர்க்காரர்களுக்குக் கோலகுபு பாருவில் சிலாங்கூர் ஆறு. அணைக்குக் கீழே என்பதால் அங்கே அணையிலிருந்து விடும் தண்ணீரைப் பொறுத்துதான் சவாரி. கூலிம் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் செடிம். சபாவில் கியூலு குடும்பங்களுக்கு ஏற்றது, பாடாஸ் முரட்டு ஆறு. பாடாஸில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் முதலில் கியூலுவில் நனைந்துவிட்டு வரலாம்.

நாள் பார்ப்பது

கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறோம்; இதற்கு மழையைப் பார்க்க வேண்டும். மேற்குக் கரை மாநிலங்களில் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும், பிற்பகல் இடிமழை வெளுத்து வாங்கும். நமக்கு லீவு கிடைத்து, வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பி, எல்லாரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்று தோன்றுவது தீபாவளியை ஒட்டி. கூட்டத்துக்கு வசதியான வாரம் ஆற்றுக்குப் பொல்லாத வாரமாகப் போய்விடுகிறது. தீபாவளிக் கூட்டத்தை ஈப்போவில் சாப்பாட்டோடு முடித்துக்கொண்டு, ராஃப்டிங்கை ஜூன், ஜூலைக்குத் தள்ளிவைப்பது நல்லது. அப்போதும் மழை பெய்யும். ஆனால் கைவிட வேண்டி வரும் நாள் குறைவு.

மாதம் எதுவானாலும் காலைச் சவாரியைக் கேளுங்கள். இங்கே இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். எட்டு, ஒன்பது மணிக்குத் தண்ணீரில் இருந்தால் மேகம் கறுக்கும் நேரத்தில் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருப்பீர்கள். பிற்பகல் சவாரிக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றால், எதற்குத் தள்ளுபடி என்று யோசியுங்கள்.

கெடா பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றே வர நினைப்பார்கள். வழிகாட்டிகளில் முஸ்லிம்கள் பலர். நண்பகல் தொழுகைக்குப் போவார்கள். அதற்கு முன்பே சவாரி முடிகிற மாதிரி பேசிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்திலும் நேரம் மாறும்.

யார் யார் இறங்கலாம்

கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயலம்பக் (ஈயச் சுரங்கக்) குட்டைகளில் மூழ்கிப்போன பிள்ளைகளின் கதை இல்லாத தோட்டம் குறைவு. அதனால் "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்ற அதட்டலோடு வளர்ந்த தலைமுறை நம்முடையது. நீந்தத் தெரியாதவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். நீச்சல் தெரியாதது மட்டும் தடையல்ல, லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும். முகத்தில் தண்ணீர் அடித்தால் மூச்சுத் திணறிக் கையைக் காலை உதறுபவர்தான் ஆபத்தில் மாட்டுவார், பக்கத்தில் இருப்பவரையும் மாட்டிவிடுவார். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஏதாவது நீச்சல்குளத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போங்கள். லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து ஐந்து நிமிடம் சும்மா மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவர் கரையில் இருக்கட்டும்; கரையிலும் வேலை இருக்கிறது.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள் இறங்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வயதைவிட லைஃப் ஜாக்கெட் அளவு முக்கியம். அவர்கள் உடம்புக்குச் சரியான அளவில் இல்லையென்றால், "பெரியதுதான், இறுக்கிக் கட்டிவிடலாம்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

இனிப்பு நீர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம்மவர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு, பயத்தில் காலையில் சரியாகச் சாப்பிடாமல், இரண்டு மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் படகில் எல்லாரும் பயம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவரிடம் தண்ணீர் புகாத பை இருக்கும். அதில் மிட்டாயோ குளுக்கோஸோ போட்டுவையுங்கள். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலரும் அதே பையில் போகட்டும்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

விலையை ஒப்பிடும் முன் அந்த விலையில் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள்: மேலே ஏற்றிச்செல்லும் நான்கு சக்கர வாகனம், காப்புறுதி, சாப்பாடு, குளியலறை, புகைப்படம். சில இடங்களில் புகைப்படத்துக்குத் தனிக் காசு. ஒவ்வொரு படகிலும் பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உட்காருவாரா, தலைக்கவசம் எல்லாருக்கும் உண்டா, எறிகயிறும் முதலுதவிப் பெட்டியும் கூட வருமா, ஆற்றோரத்தில் போன் சிக்னல் இல்லாவிட்டால் எப்படித் தொடர்புகொள்வார்கள் என்று கேளுங்கள். சரியான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குச் சலிக்காது. "பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது" என்பதை மட்டுமே பதிலாகத் தருகிறவரிடம் போனை வைத்துவிடலாம்.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. மழையால் ரத்தானால் முன்பணம் என்னவாகும்? திருப்பித் தருவார்களா, வேறு தேதிக்கு மாற்றுவார்களா? வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வேன்காரரிடமும் இதையே பேசுங்கள். ஊர் வேன்காரர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். தேதி மாறலாம் என்று முன்பே சொன்னால் முகம் சுளிக்க மாட்டார், கிளம்புகிற காலையில் சொன்னால் சுளிப்பார். ரயிலில் வர நினைப்பவர்கள் கவனிக்க: கோப்பெங்கில் ரயில் நிலையம் இல்லை. ஈப்போவிலோ பத்து காஜாவிலோ கம்பாரிலோ இறங்கி வாகனம் பிடிக்க வேண்டும்.

சாப்பாடு அங்கேயே கிடைத்தால் பொட்டலம் கட்டும் வேலை மிச்சம். பெரும்பாலும் கம்போங் சமையல்தான், நன்றாகவே இருக்கும். புரட்டாசி விரதக்காரர்கள் இருந்தால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் "சைவம்" என்று சொன்னால் சம்பலில் நெத்திலியும் பிளாச்சான் என்ற இறால் விழுதும் எட்டிப்பார்க்கும். மீன், இறால், முட்டை எதுவும் கூடாது என்று பிட்டுப்பிட்டு வையுங்கள்.

குழுவுக்கு ஒரு தலைவர் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே குழுவில் எழுதிவிடுங்கள்: வழிகாட்டி வேண்டாம் என்றாலும் இல்லை, தலைவர் வேண்டாம் என்றாலும் இல்லை, இருவரும் சரி என்றால்தான் சவாரி. கூட்டத்தில் எப்போதும் ஒரு மாமா இருப்பார், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஆரம்பிப்பார். அவருக்குக் காட்ட அந்த எழுத்து உதவும்.

ரத்தானால் போக ஓர் இடத்தையும் சேர்த்தே முடிவுசெய்துவிடுங்கள். கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ரப்பர் முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் பாதியில் நின்ற கட்டடம். அதைக் கட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அருகே அவர் அவர்களுக்காகக் கட்டித்தந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. கூரையில் தெய்வங்களோடு கெல்லியின் உருவமும் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குவா தெம்புரோங் குகையை மாற்று ஏற்பாடாக வைக்காதீர்கள். அதற்குள்ளும் ஆறு ஓடுகிறது. மழை ராஃப்டிங்கைக் கெடுத்தால் அதையும் கெடுக்கும்.

உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல்லாகக் கனக்கும். துப்பட்டா, தொங்கும் கயிறு வைத்த சட்டை எதுவும் வேண்டாம். சீக்கிரம் உலரும் முழுக்கால் விளையாட்டுக் காற்சட்டையும் உடம்போடு ஒட்டிய டி-சட்டையும் போதும். சிலிப்பர் முதல் ஜெராமிலேயே கழன்று போய்விடும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கிறதே, மலாய்க்காரர்கள் "அடிடாஸ் கம்போங்" என்று கேலியாகச் சொல்வது, இதற்கு அதைவிடத் தோதான காலணி கிடையாது. பாசி படிந்த பாறையில் பிடிக்கும், தண்ணீரில் ஊறாது, சில்லறைக் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மோதிரம் கயிற்றில் சிக்கினால் விரலைக் கெடுக்கும். தாலிக்கொடி பற்றி வழிகாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார், கேட்கத் தயங்குவார். நீளமான தங்கக் கொடி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியில் மாட்டும் அல்லது அறுந்து ஆற்றோடு போகும். கழற்ற மனம் இல்லாதவர்கள் அன்றைக்கு மட்டும் குட்டையான மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, டி-சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். பெரியவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். ஆற்றங்கரையில் வைத்து முடிவு செய்யும் காரியம் அல்ல அது. கண்ணாடி போடுபவர்கள் இரண்டு காதுக் கம்பிகளையும் தலைக்குப் பின்னால் நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள்.

அன்று காலை

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஏழு மணிக்கு இரண்டு தோசையோ ஒரு சின்ன நாசி லெமாக்கோ போதும். பீர் பாட்டில் எதுவும் வேனில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவாரிக்கு முன் குடித்தவரை நல்ல வழிகாட்டி ஏற்ற மாட்டார்.

கிளம்புவதற்கு முன் வானிலைத் துறையான மெட்மலேசியாவின் எச்சரிக்கையைப் பாருங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறை நடத்தும் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஆற்று நிலையங்களின் நீர்மட்டம் போட்டிருக்கும். வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று ஏறுமுகமாக இருந்தால் பேச்சே இல்லை. பிறகு வழிகாட்டியை அழையுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பாங் (அண்ணே), நேற்று இரவு மலையில் மழையா?" கோப்பெங் கடைத்தெருவில் வெயில் அடிப்பது எதற்கும் சாட்சி அல்ல. மேலே கொட்டிய மழை சேர்ந்து, கீழே குளிப்பவர்மேல் ஒரே மூச்சில் சுவராக வந்து மோதுவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து இறங்கி யான் வட்டாரத்தில் தித்தி ஹாயூனில் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான்.

வேனில் வந்து ஆற்றில் இறங்காத ஒருவர் கட்டாயம் வேண்டும். சாவிகள், போன்கள், மருந்துகள், யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் எல்லாம் அவரிடம் இருக்கட்டும். படகு எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கரை சேரும் என்பதை அவர் வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நேரம் தப்பினால் முதலில் நிறுவனத்தை அழைப்பார், பிறகு அவசர எண் 999-ஐ.

பொறுப்பு விலக்குப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு பிள்ளை வாசித்துத் தமிழில் சொல்லட்டும், அதன் பிறகு கையெழுத்து.

கரையில் பயிற்சி

லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கொக்கிகளை எல்லாம் பூட்டி, பக்கப் பட்டைகளை விலாவோடு இறுக்குங்கள். இப்போது பக்கத்தில் இருப்பவர் இரண்டு தோள்வார்களையும் பிடித்து மேலே தூக்கட்டும். காது மடலைத் தொடும்வரை ஏறிவந்தால் தளர்வு, மறுபடியும் இறுக்க வேண்டும். மூச்சு விடக் கொஞ்சம் சிரமமாகத் தோன்றுகிறதே என்று புகைப்படம் எடுத்ததும் பட்டையைத் தளர்த்துபவர்கள் உண்டு. அவர்கள்மேல் ஒரு கண் வையுங்கள். தலைக்கவசம் நெற்றியை மூட வேண்டும், பின்னந்தலையில் தொப்பி மாதிரி உட்காரக் கூடாது.

துடுப்பின் மேல்முனை டி வடிவத்தில் இருக்கும். ஒரு கை எப்போதும் அந்தப் பிடியை மூடியே இருக்க வேண்டும். ராஃப்டிங்கில் பல் போவதும் மூக்கு உடைவதும் பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்து ஆள் கைவிட்ட அந்தப் பிடியால்தான்.

கட்டளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். ஃபார்வர்ட் என்றால் முன்னோக்கித் துடுப்பு, பேக்வர்ட் என்றால் பின்னோக்கி, ஸ்டாப் என்றால் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும், கெட் டவுன் என்றால் படகுக்குள் குனிந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஆங்கிலம் பிடிபடாத பாட்டி இருந்தால் கரையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஆற்றின் இரைச்சலில் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. படகின் விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைப் படகின் குறுக்கே இருக்கும் காற்றடைத்த மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். உங்களைப் படகில் வைத்திருப்பது கைகள் அல்ல, கால்கள்.

விழுந்தால்

விழுவீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவர் உடனே எழுந்து நிற்கப் பார்ப்பார். முழங்கால் ஆழந்தானே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கித் தலையை அமுக்கிவிடும். முழங்கால் ஆழத்தில் ஆள் மூழ்குவது இப்படித்தான். மல்லாந்து படுங்கள். கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேல் தெரியும்படி வையுங்கள். பாறை வந்தால் பாதம்தான் முதலில் தொட வேண்டும். ஓட்டம் தணிந்து, கை தரையைத் தொடும் ஆழத்துக்கு வந்த பிறகுதான் எழ வேண்டும்.

எறிகயிறு ஒரு சிறு பைக்குள் இருக்கும்; அதை எறிந்தால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தோளுக்கு மேலாகக் கயிற்றை விட்டு, முதுகு எறிந்தவர் பக்கம் இருக்கும்படி மல்லாந்து கிடந்தால் முகத்தில் தண்ணீர் அடிக்காது. படகே கவிழ்ந்து அதற்கு அடியில் மாட்டினால், இரண்டு கைகளாலும் மேலே தள்ளிக்கொண்டு ஒரே திசையில் நகருங்கள், வெளிச்சம் வரும். ஆற்றின் குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரமோ மூங்கிலோ தெரிந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதைவிட்டு விலகி நீந்துங்கள். தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், நாம் போக மாட்டோம்.

இடையில் ஓய்வுக்குக் கரை ஒதுங்கும்போது ஆற்றின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்திருந்த தண்ணீர் தே தாரேக் பால்தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென்று கூட்டமாக மிதந்து வந்தாலோ, சற்று முன் உட்கார்ந்த கல்லைக் காணவில்லை என்றாலோ வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு மேட்டில் ஏறுங்கள். அக்கரையில் வண்டி நிற்கிறது என்று ஆற்றைக் கடக்காதீர்கள்.

திரும்பிய பிறகு

சோப்புப் போட்டுக் குளியுங்கள், சிராய்ப்புகளைக் கழுவி மருந்து போடுங்கள், கணுக்காலில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் துடுப்புப் போட்டிருந்தால் அரை மணி நேரமாவது தூங்கிவிட்டு வண்டி எடுக்கட்டும்.

அதன்பின் ஒரு மாதம் வரை காய்ச்சலைக் கவனியுங்கள். ஆற்றுத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம்; எலிக்காய்ச்சல் என்போம். மலேசியாவில் 2010 முதல் மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். பார்த்தால் டெங்கி மாதிரியே இருக்கும், கிளினிக்கிலும் முதலில் டெங்கிக்குத்தான் இரத்தம் எடுப்பார்கள். "இத்தனாம் தேதி ஆற்றில் இறங்கினேன்" என்று நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.